வலு: ஒரு சொல், ஒரு கடற்கரை, சில விளக்கங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் பக்கம் இருப்பவர்கள் ஒரே நாளில் ஒரு சொல்லைப் பல வேடங்களில் கேட்டுவிடுவார்கள். காலைச் செய்தியில் 'வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுப்பெற்றது' என்பார்கள். கரைக்குப் போனால் 'கயித்த வலுவாப் பிடிப்பா' என்று யாராவது சத்தம் போடுவார். வீட்டில் பெரியவர் 'தோள்பட்டை வலிக்குது' என்று தைலத்தைத் தேடுவார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

புயல், பிடி, நோவு, இலக்கணம் என்று நான்கும் நாலு திசையில் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால் எல்லாம் 'வல்' என்ற ஒரே வேரை ஒட்டியவை. உடல் வலிமையைக் குறிக்கிற ஒரு சொல் எப்படி இவ்வளவு தூரம் போனது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். வல் என்பதோடு உகரம் சேர்ந்தால் வலு, இகரம் சேர்ந்தால் வலி. 'மை' வந்தால் லகரம் னகரமாகி வன்மை ஆகும். வன்முறை, வன்சொல், வன்கொடுமை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வல்லவன், வல்லமை, வல்லுநர், வல்லரசு ஆகியவற்றில் லகரம் இரட்டித்திருக்கிறது. வலம் என்பதும் பழைய தமிழில் வலிமை, வெற்றி என்ற பொருளைத் தந்த சொல். இந்த வடிவங்களைத் தெரிந்துகொண்டால் போதும், புதிதாக ஒரு சொல் வந்தாலும் பாதிப் பொருளை நாமே ஊகித்துவிடலாம்.

இனி பொருளுக்கு வருவோம். இதற்குத் தனுஷ்கோடிப் பக்கம் நடக்கும் கரைவலையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு வலையோடு கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, கொஞ்ச தூரம் தள்ளி மறுமுனைக் கயிற்றைக் கரையில் கொடுக்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். கையால் மட்டும் இழுப்பது கிடையாது. இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைப் பெரிய கயிற்றில் மாட்டி, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்வார்கள். கடைசியில் நிற்பவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய் முதல் ஆளாக மாட்டிக்கொள்வார். மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு வரும்வரை இந்தச் சுற்று ஓயாது.

அங்கே புதிதாகச் சேரும் இளவட்டங்கள் பெரும்பாலும் வெடுக்கென்று இழுப்பார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே, 'பலமா இழுக்காதப்பா, வலுவாப் பிடி' என்பார்கள். பலமும் வலுவும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். அகராதியில் ஒன்றுதான், பேச்சில் மட்டும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கிறது. பலமாக இழுப்பது ஒரு நொடி வேலை. வலுவாகப் பிடிப்பதோ எதிரே அலை வாங்கும்போதும் கயிற்றை நழுவ விடாமல் நிற்பது. பலமான அடி, பலமான கைத்தட்டல், பலமான விருந்து என்கிறோம். வலுவான கயிறு, வலுவான அடித்தளம், வலுவான காரணம் என்கிறோம். முதல் வரிசையில் இருப்பதெல்லாம் வந்து போகிறவை. இரண்டாவது வரிசையில் இருப்பவை தாங்கி நிற்பவை. எல்லா இடத்திலும் இந்தப் பாகுபாடு கறாராகச் செல்லாது. ஆனாலும் தமிழ்க் காது இதை உணர்கிறது என்றே நினைக்கிறேன்.

பலம் வடமொழி வழியாக வந்த சொல். அதற்கும் நம் வல்லுக்கும் தொலைதூர உறவு உண்டா என்று மொழியியலாளர்களிடையே வாதம் இருக்கிறது. அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

'வலித்தல்' என்ற வினைச்சொல்லுக்கு இழுத்தல் என்று ஒரு பொருள் உண்டு. தண்டு வலித்தல், துடுப்பு வலித்தல் என்று இன்றும் சொல்கிறோம். மலையாளத்தில் வலிக்குக என்றால் நேராக இழுப்பதுதான், புகைபிடிப்பதைக்கூட அங்கே புகவலி என்பார்கள். நரம்பும் தசையும் தாமாகச் சுருங்கி இழுத்தால் வலிப்பு. அந்த இழுப்பை உள்ளிருந்து உணர்ந்தால் வலி. ஒரு காலத்தில் வலிமையைக் குறித்த 'வலி' இன்று நோவைக் குறிப்பதன் ரகசியம் இந்த இழுப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். பகல் முழுக்கக் கயிறு இழுத்தவருக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலையில் தோளில் வலுவாக இருந்ததுதான் ராத்திரி வலியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

நோவுக்குப் பழைய சொல் 'நோ'. மண்டபம் அகதிகள் முகாமில் இலங்கைத் தமிழர்களிடம் பேசினால் 'கால் நோகுது' என்று சொல்வதைக் கேட்கலாம். அவர்கள் பேச்சில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. 'அவன் வலு கெட்டிக்காரன்', 'வலு கெதியா வந்திட்டான்' என்பார்கள். அங்கே வலு என்றால் 'ரொம்ப' என்று அர்த்தம், கெதியா என்றால் சீக்கிரமாக. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். அதைத் தாண்டுவதற்குள் ஒரு பெயர்ச்சொல் தன் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டது.

பழைய நூல்களைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே வலி என்று கண்டால் உடனே நோவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் 'வலியறிதல்'. புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் மருத்துவ அதிகாரம் என்று நினைப்பதுண்டு. அதன் முதல் குறள் இது:

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

இறங்கப்போகும் வேலையின் வலிமை, தன் வலிமை, எதிராளியின் வலிமை, துணை நிற்பவர்களின் வலிமை என்று நான்கையும் எடைபோட்டுவிட்டு இறங்கு என்கிறது. அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் கரைவலைக்கு அப்படியே பொருந்தும். மடியில் எவ்வளவு மீன் விழுந்திருக்கிறது என்பது வினைவலி. இன்றைக்கு நம் உடம்பு எப்படி இருக்கிறது என்பது தன்வலி. நீரோட்டம் எந்தப் பக்கம் வாங்குகிறது என்பது மாற்றான் வலி. பக்கத்தில் கயிறு பிடிப்பவர் யார் யார் என்பது துணைவலி. நான்கில் ஒன்றுதான் நம் உடம்புக்குள் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வலு என்றதும் புஜத்தை மடக்கிக் காட்டும் படம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வள்ளுவர் அப்படிப் பார்க்கவில்லை.

காற்றுக்கு வருவோம். வானிலை அறிக்கையில் 'வலுப்பெற்றது', 'வலுவிழந்தது' என்பதெல்லாம் அலங்காரத்துக்குச் சொல்லும் வார்த்தைகள் இல்லை, அளவோடு சொல்வது. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறினால் வலுப்பெற்றது என்பார்கள். இறங்கினால் வலுவிழந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைப் பாட்டன் பூட்டன் வாயால் கேட்டு வளர்ந்த கரை இது. இங்கே 'வலுவிழந்து கரையைக் கடந்தது' என்ற வரியைக் கேட்டால்தான் பலருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

கடலுக்கே வலுவை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் எங்கள் பக்கம். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். தனுஷ்கோடி போகிற ரோட்டில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், மறுபக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். முரட்டுத்தனம் ஆணுக்கு, சாந்தம் பெண்ணுக்கு என்று பங்கு போட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெயர் ஆண்டு முழுக்கச் செல்லுபடியாகாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கி வாடைக்காற்று வீசினால் கதை தலைகீழாகிவிடும், பாக் நீரிணை எகிற ஆரம்பித்துத் தென்பக்கம் அடங்கும். பெண்கடலை நம்பி அந்த நேரத்தில் சின்னப் படகை இறக்கினால் தெரியும் சேதி.

வலு என்றால் ஆண் என்று ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணத்துக்கு இந்தக் கரையில் இன்னொரு மறுப்பும் இருக்கிறது: பாசி எடுக்கப் போகும் பெண்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய பாறைகளில் வளரும் கடற்பாசியைக் கையால் பறிப்பது பல ஊர்களில் பெண்களின் தொழில். சேலைக்கு மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, நீச்சல் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சை அடக்கி முங்கி, ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறுகையால் பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டுவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடியும் முங்குவார்கள். மணிக்கணக்கில் இதுவே வேலை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒல்லியான தேகம். இவர்களைப் பார்த்து யாரும் 'கட்டுமஸ்தான உடம்பு' என்று சொல்ல மாட்டார்கள். 'வலுவான பொம்பள' என்று தாராளமாகச் சொல்வார்கள், சொல்கிறார்கள்.

கட்டுமஸ்து, வாட்டசாட்டம், ஆஜானுபாகு இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற உடல்வாகைச் சொல்பவை. வலு அப்படித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இடையில் தெம்பு என்று ஒன்று இருக்கிறது, அது வரும் போகும். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி உள்ளே போனால் தெம்பு வரும், வலு வர மாதக்கணக்கு ஆகும். திராணி என்பதை நாம் பெரும்பாலும் 'இல்லை' என்பதோடு சேர்த்துத்தான் சொல்கிறோம்: 'எந்திரிக்கத் திராணி இல்ல'. மல் என்பதும் வலிமைதான், மல்லன், மாமல்லன் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இன்றைக்கு அது 'அவன்கூட மல்லுக்கு நிக்காத' என்பதில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. பாடப் புத்தகத்தில் வரும் விசை, ஆற்றல், திறன் மூன்றும் இயற்பியலுக்காக வரையறுக்கப்பட்டவை, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

உரம் கொஞ்சம் விசேஷமான சொல். வயலுக்குப் போடுவதும் உரம், நெஞ்சில் இருப்பதும் உரம். கைக்குழந்தையைத் தப்பாகத் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டால் 'பிள்ளைக்கு உரம் விழுந்திருச்சு' என்பார்கள். பாட்டிமார்கள் சேலைத் துணியில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். (டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, பிள்ளை விஷயத்தில் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.) புறநானூற்றில் கரிகாலனின் முன்னோரைப் பாடும்போது, நடுக்கடலில் கப்பல் ஓட்டிக் காற்றையே ஏவல் கொண்டவன் என்ற பொருளில் 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார் வெண்ணிக் குயத்தியார். உரவோன் என்றால் உரம் உடையவன். காற்றை எதிர்த்து நின்றவன் என்று சொல்லவில்லை, அதை வேலை வாங்கியவன் என்கிறார். பாய் விரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மரத்துக்கு வேறு சொல்: வைரம். படகு கட்டும் ஆசாரி மரத்தைப் பார்க்கும்போது வைரம் பாய்ந்த பாகமா, வெளிறா என்றுதான் முதலில் பார்ப்பார். அதிலிருந்துதான் உழைத்துக் காய்ந்த மனிதரை 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். பழைய சொல் காழ். அகத்தே காழ் உள்ளது மரம், புறத்தே காழ் உள்ளது புல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் சாயல்குடிப் பக்கம் வரிசை கட்டி நிற்கும் பனை அத்தனையும் புல் வகை. அதன் வலுவெல்லாம் வெளிச்சுற்றில்தான், உள்ளே சோறு. தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றுதான் வைக்கிறது.

வலுவுக்கு ஒரு கெட்ட முகமும் இருக்கிறது. வலுக்கட்டாயம், வலுச்சண்டை, வல்லடி வழக்கு, வன்முறை எல்லாம் அடுத்தவர் சம்மதம் இல்லாமல் நடப்பவை. 'வலியப் போய் மாட்டிக்கிட்டான்' என்றால் யாரும் கூப்பிடாமல் தானாகப் போனான் என்று பொருள். 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்ற பழமொழி கண்மாய்த் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாதது. இதற்கு வள்ளுவர் ஒரு மருந்து வைத்திருக்கிறார். உன்னைவிட மெலிந்தவன் மேல் பாயப் போகும்போது, உன்னைவிட வலியவன் முன்னால் நீ எப்படி நின்றாய் என்று நினைத்துப் பார் என்கிறது 250-ஆம் குறள். அது அருளுடைமை அதிகாரத்தில் இருக்கிறது, வலியறிதலில் இல்லை.

நல்ல பக்கம் திறமைக்குப் போகிறது. வல்லவன் என்றால் பலசாலி என்று இன்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, கெட்டிக்காரன் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். சங்க காலத்தில் தேரோட்டிக்கு வலவன் என்று பெயர். ஆள் ஓட்டாமல் தானே செல்லும் வான ஊர்தியை 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறது புறநானூறு, இன்று ட்ரோனைப் பற்றி எழுதுபவர்கள் விடாமல் மேற்கோள் காட்டும் வரி அது. வல்லமை கடவுளுக்கும் உரியது. கீழக்கரையில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையானாலும், தங்கச்சிமடத்து மாதா கோயில் திருமண அழைப்பானாலும், ராமேஸ்வரத்துப் பத்திரிகையானாலும், 'எல்லாம் வல்ல' என்று தொடங்கினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வரும் பெயர்தான் மாறும்.

வலம் என்ற கிளைக்குச் சங்கு உதவும். வலக்கை என்பது வலுவான கை. பெரும்பாலோருக்கு வேலை செய்யும் கை அதுதானே. இந்தக் கடலில் எடுக்கும் சங்குகளில் பெரும்பாலானவை இடம்புரி. அபூர்வமாகக் கிடைப்பது வலம்புரி, விலையும் மரியாதையும் அதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், விலங்கியல்காரர்கள் வலம்புரியை இடச்சுருள் ஓடு என்று எழுதுகிறார்கள். அவர்கள் சுழிமுனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம். சங்கு ஒன்றேதான். இதே காரணத்தால் இணையத்தில் வலம்புரி என்று விற்பதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு, படத்தைத் திருப்பிப் போட்டாலே இடம்புரி வலம்புரி ஆகிவிடுகிறதே.

கடைசியாக அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பாடம். க, ச, ட, த, ப, ற ஆறும் வல்லெழுத்து என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஏன் வல்? சொல்லிப் பாருங்கள். 'க்', 'ட்', 'ப்' என்னும்போது வாய்க்குள் ஏதோ ஓர் இடத்தில் காற்று முழுதாக அடைபடுகிறது, நாக்கோ உதடோ இறுகப் பிடித்துக்கொண்டு பிறகு விடுகிறது. ம, ன என்னும்போது மூக்கு வழியாகக் காற்று நழுவிவிடும். ல, வ என்னும்போது முழு அடைப்பு இல்லை. எதிர்த்துப் பிடிப்பது எதுவோ அது வல்லினம்.

ஒற்று மிகுவதை அந்தக் கால ஆசிரியர்கள் 'வலி மிகும்' என்றுதான் சொல்வார்கள். கருவாட்டுக் குழம்பு என்று எழுதும்போது நடுவில் வரும் 'க்' அந்த வலி. கரைவலை என்பதில் எதுவும் மிகாது, ஏனென்றால் வகரம் வல்லினம் இல்லை. சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு பல நேரம் சரியான விடையைக் கொடுத்துவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு வலை, வல்லம் என்று எதைப் பார்த்தாலும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க ஆசை வரும். சேர்க்க வேண்டாம். வல்லம் என்கிற நாட்டுப்படகை வள்ளம் என்றும் எழுதுகிறார்கள், மலையாளத்திலும் அது வள்ளம்தான். அது வேறு சொல். வலையும் அப்படித்தான், வலுவான வலை என்று சொல்லலாமே தவிர வலுவிலிருந்து வலை வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.